சொல் இல்லாத வாசிப்பு: ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஒரு கவிதையை, அதிலுள்ள ஒரு சொல்லைக்கூட உச்சரிக்காமல், உரக்க வாசிக்க முடியுமா?

“அதெப்படி முடியும் டீச்சர்?” என்றுதான் என் வகுப்பிலும் கேட்டார்கள். முடியும். அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1964-இல் அதைச் செய்து காட்டினார். அந்த இசைத்தொகுப்பைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

‘எ லவ் சுப்ரீம்’ என்றால் ‘உன்னத அன்பு’ என்று பொருள் கொள்ளலாம். 1964 டிசம்பர் 9-ஆம் நாள் நியூ ஜெர்சியில், ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாகி, 1965-இல் இம்பல்ஸ் நிறுவன வெளியீடாக வந்தது. இசைப்பவர்கள் நான்கே பேர்: சாக்ஸபோனில் கோல்ட்ரேன், பியானோவில் மெக்காய் டைனர், டபுள் பேஸில் ஜிம்மி கேரிசன், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ். மொத்தம் ஏறக்குறைய 33 நிமிடம். நான்கு பகுதிகளும் கோல்ட்ரேன் இயற்றியவை. அவற்றின் பெயர்களைத் தமிழில் ஏற்பு, உறுதி, நாட்டம், திருப்பாடல் எனலாம். 1957-இல், போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட காலத்தில், தமக்கு ஓர் ஆன்மிக விழிப்பு ஏற்பட்டதாகவும், இந்த இசை கடவுளுக்குத் தாம் செலுத்தும் நன்றி என்றும் உறைக்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார்.

முதல் பகுதி ஒரு கோங் ஒலியோடு பிறக்கிறது. சற்று நேரத்தில் பேஸ் நான்கே சுரங்கள் கொண்ட ஒரு சிறு சொற்றொடரைப் பிடிக்கிறது. பிறகு கோல்ட்ரேன் அதே வடிவத்தைக் கையிலெடுத்து, பன்னிரண்டு சுருதிகளுக்கும் மாற்றி மாற்றி வாசிக்கிறார். எல்லா வாசலையும் தட்டிப் பார்ப்பதுபோல. கடைசியில் சாக்ஸபோன் ஓய்ந்து, ஆண்குரல் தொகுப்பின் தலைப்பையே மந்திரம்போலத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. நான்கு அசை, நான்கு சுரம்.

உண்மையைச் சொல்கிறேன்: முதலில் எனக்கு இந்த இடம் பிடிக்கவில்லை. இசை ஏற்கெனவே சொல்லிவிட்டதை எதற்குக் குரல் வேறு வந்து சொல்ல வேண்டும்? நல்ல செய்யுளுக்கு அடியிலேயே பொழிப்புரையை ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. இதை நினைவில் வையுங்கள். மீண்டும் இங்கே வருவேன்.

இரண்டாம் பகுதியில் சாக்ஸபோன் முழு வேகத்தோடு நுழைகிறது. டைனரின் பியானோ தனித்து மின்னுவதும் இங்கேதான். மூன்றாம் பகுதி டிரம்ஸ் தனிவாசிப்போடு தொடங்கி, புளூஸ் அமைப்பின் மேல் மிக விரைவாக ஓடுகிறது. புதிதாகக் கேட்பவருக்கு இது கடினம்தான். “ஒரே இரைச்சலா இருக்கே” என்று தோன்றலாம். எனக்கும் இங்கே ஒரு களைப்பு உண்டு. ஆனால் அந்தப் புயல் அடங்கியபின் கேரிசனின் பேஸ் மட்டும் தனியே, சில நிமிடங்கள், நிதானமாகப் பேசுகிறது. நம் காதும் மூச்சும் அமைதியாகின்றன.

அப்போதுதான் நான்காம் பகுதி வருகிறது. இங்கே நிலையான தாளம் இல்லை. எல்வின் ஜோன்ஸ் டிம்பனி என்னும் பெரிய முரசில் இடி உருட்டுகிறார். அதன்மேல் சாக்ஸபோன் மெதுவாக, சிறு சிறு அடிகளாக நகர்கிறது. தொகுப்பின் உறையில் கோல்ட்ரேன் எழுதிய கவிதை ஒன்று அச்சாகியிருக்கிறது. அந்தக் கவிதையைத்தான் அவர் அசைக்கு அசை சாக்ஸபோனில் வாசிக்கிறார்! உறைக்குறிப்பில் அவரே இதற்குக் குறிப்புக் கொடுத்திருந்தார்; பின்னர் இசை ஆய்வாளர் லூயிஸ் போர்ட்டர் அதை விரிவாக விளக்கிக் காட்டினார்.

கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்களேன். ஒவ்வோர் அடியின் முடிவிலும் சுரம் இறங்குகிறது. கடவுளுக்கு நன்றி சொல்லும் அடி வரும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே இறக்கம். அடிக்கும் அடிக்கும் இடையே இடைவெளி. கோல்ட்ரேனின் தாத்தாக்கள் இருவரும் தேவாலயப் போதகர்கள் என்பதை அறிந்தால் இந்த நடை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். தாளக்காரர் வாசகரைத் துரத்தவில்லை. வாசகர் நிற்கும் இடத்தில் அவரும் காத்திருக்கிறார்.

இப்போது அந்த ஆண்குரலுக்கு வருவோம். அது பொழிப்புரை அல்ல, திறவுகோல். ‘இந்தச் சுரங்களுக்கு அடியில் சொற்கள் இருக்கின்றன’ என்று முதல் பகுதியிலேயே நம் காதைப் பழக்கிவிடுகிறது. அது இல்லாவிட்டால் நான்காம் பகுதியில் ஒரு வாசிப்பு நடப்பதை நாம் கவனித்திருக்கவே மாட்டோம். என் முதல் தீர்ப்பு தவறு. கவிதை தெரியாதவர்க்கும் இப்பகுதி ஒரு வேண்டுதலாகவே கேட்கும். அதுவே இப்படைப்பின் வெற்றி.

மாணவர்களே, திறனாய்வு எழுதும்போது “அருமை”, “மிகச் சிறப்பு” என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். எந்த இடம், என்ன நடந்தது, அது ஏன் அங்கே தேவை என்று காட்டுங்கள். பிடிக்காத இடத்தையும் எழுதுங்கள். மறுபடி கேட்டபின் கருத்து மாறினால் அதையும் எழுதுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, நமக்கும் ஒன்று உண்டு. வாய்மொழித் தேர்வின் வாசிப்புப் பகுதிக்கு நாம் லகர, ளகர, ழகரம் திருத்துகிறோம், வேகத்தைப் பார்க்கிறோம். எல்லாம் தேவைதான். ஆனால் ஒரு பிழையும் இல்லாமல் வாசித்து முடித்த பிள்ளையிடம் “என்ன வாசிச்சே?” என்று கேட்டால் விழிக்கிறதே, அங்கே நாம் எதையோ விட்டுவிட்டோம். கோல்ட்ரேனிடம் சொற்களே இல்லை. மூச்சு, நிறுத்தம், ஏற்ற இறக்கம் மட்டுமே. அவற்றைக் கொண்டே பொருளை நம்மிடம் சேர்த்துவிட்டார். நம் பிள்ளைகளிடம் சொற்கள் எல்லாம் இருக்கின்றன.

அடுத்த வாசிப்புப் பயிற்சிக்கு முன் அந்த ஏழு நிமிடத்தை வகுப்பில் ஒலிக்க விடுங்கள். பிறகு பாடப்பகுதியைக் கொடுத்து, “எங்கே நிற்பாய், ஏன்?” என்று மட்டும் கேளுங்கள்.