மாத்திரை வேலை செய்தால் நோய் இருக்கிறது என்று அர்த்தமா?

அமெரிக்காவில் ஏடிஎச்டி மாத்திரைகள் பற்றிய பேச்சு வந்தாலே ஒரு வாதம் தவறாமல் வரும். "அடெரால் போட்டுப் பார்த்தேன், மனசு அப்படியே ஒரு இடத்துல நின்னுச்சு. அப்போ எனக்கு ஏடிஎச்டி இருக்குன்னுதானே அர்த்தம்?" கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் தர்க்கம் தலைகீழ். ஊக்க மருந்துகளை இஷ்டத்துக்கு எழுதித் தரும் பழக்கத்துக்கும், நண்பனிடம் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கத்துக்கும் இந்தப் பிழைதான் துணை நிற்கிறது என்பது என் வாதம்.

முதலில் மருந்து செய்யும் வேலையைப் பார்ப்போம். அடெரால் என்பது ஆம்ஃபெட்டமின் உப்புகளின் கலவை. ரிட்டலின் என்பது மெத்தில்ஃபெனிடேட். நரம்பணுக்களுக்கு நடுவே டோபமினும் நார்எபிநெஃப்ரினும் கூடுதல் நேரம் தங்கும்படி இரண்டுமே செய்கின்றன. ஆம்ஃபெட்டமின் ஒரு படி மேலே போய் அவற்றை அதிகமாகச் சுரக்கவும் வைக்கும். டோபமின் எல்லோர் மூளையிலும் இருக்கிறது, எனவே மருந்தின் விளைவும் எல்லோருக்கும் தெரியும். அடெரால் என்று 1996-ல் அனுமதி பெற்ற மருந்து, அதற்கு முன் ஒபெட்ரால் என்ற பெயரில் உடல் இளைக்கும் மாத்திரையாக விற்ற சரக்குதான்!

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஜூடித் ராப்போபோர்ட் குழுவினர் 1978-லேயே சோதித்துவிட்டார்கள். எந்தக் குறைபாடும் இல்லாத 14 சிறுவர்களுக்கு ஒரே ஒரு வேளை டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் கொடுத்தார்கள். பையன்களின் துறுதுறுப்பு குறைந்தது, சோதனைகளில் கவனம் கூடியது. அதாவது, மாத்திரைக்குப் பலன் தெரிவதை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது.

சரி, நோய் இல்லாதவருக்கும் கவனம் கூடுகிறதே, அது லாபம்தானே என்று கேட்கலாம். இங்கேதான் 2023-ல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வு என்னைப் போன்ற நிரலாளர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்கள் கொடுத்த வேலை நாம் கல்லூரியில் படித்த நாப்சாக் கணக்கு. எடை வரம்புள்ள ஒரு பை, பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை, ஒரு மதிப்பு. வரம்பைத் தாண்டாமல் அதிகபட்ச மதிப்பை நிரப்ப வேண்டும். ஆரோக்கியமான 40 பேர் வெவ்வேறு நாட்களில் மெத்தில்ஃபெனிடேட், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின், மொடாஃபினில், வெற்று மாத்திரை என்று எடுத்துக்கொண்டு இதைப் போட்டார்கள். மருந்து எடுத்த நாட்களில் அதிக நேரம் செலவழித்தார்கள், பொருட்களை அதிகமாக மாற்றி மாற்றி வைத்தார்கள். ஆனால் பையில் சேர்ந்த மதிப்பு சராசரியில் குறைந்தது. வெற்று மாத்திரையில் சராசரிக்கு மேல் இருந்தவர்கள் மெத்தில்ஃபெனிடேட்டில் சராசரிக்குக் கீழே இறங்கினார்கள். உழைப்பு கூடியது, உழைப்பின் தரம் இறங்கியது. தீயாக வேலை செய்கிறோம் என்ற உணர்வை மாத்திரை கொடுக்கும். வேலை நன்றாக வந்ததா என்பது தனிக் கேள்வி.

இந்த உணர்வை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. தயாரிப்பாளரான ஷயர் நிறுவனம் ஆதாரமில்லாத கூற்றுகளைச் சொல்லி மருந்துகளை விற்றதாக எழுந்த குற்றச்சாட்டை 2014-ல் 5.65 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டது. அடெரால் எக்ஸ்ஆர் வேலை இழப்பையும் சாலை விபத்தையும் தடுக்கும் என்பதெல்லாம் அந்தக் கூற்றுகளில் உண்டு.

அடுத்து வந்தது கொரோனா. இத்தகைய மருந்துகளை எழுத நேரில் பார்த்தாக வேண்டும் என்ற விதி 2020 மார்ச்சில் தளர்ந்தது. வீட்டைவிட்டு வர முடியாத நோயாளிகளுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அதே கதவு வழியாக மாதச் சந்தா நிறுவனங்களும் நுழைந்தன. டன் குளோபல் வழக்கில் அமெரிக்க நீதித்துறை 2024 ஜூனில் வைத்த குற்றச்சாட்டைப் படித்தால் தலை சுற்றும்: முதல் ஆலோசனை 30 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், தகுதி இல்லாதவருக்கும் எழுதித் தர வேண்டும், அடுத்த மாத மருந்து தானாகவே புதுப்பிக்கப்படும். 4 கோடிக்கும் மேற்பட்ட மாத்திரைகளுக்கு இப்படி வழி செய்ததாகக் கணக்கு.

30 நிமிடம் ஏன் போதாது? ஏடிஎச்டி என்று சொல்ல, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி, வேலை என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது அது தெரிய வேண்டும். தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு, தைராய்டு எல்லாமே கவனத்தைக் கெடுக்கும், அவை இல்லையென்றும் உறுதி செய்ய வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "பலன் தெரியுதா? அப்போ சரி" என்பது மருத்துவம் ஆகாது.

இதற்கு விலை உண்டு. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுவது, தூக்கம் கெடுவது எல்லாம் தெரிந்த கதை. பாஸ்டன் பக்கத்து மெக்லீன் மருத்துவமனையிலிருந்து 2024-ல் வந்த ஆய்வில், தினம் 40 மில்லிகிராம் அடெராலுக்கு ஈடான அல்லது அதற்கு மேற்பட்ட அளவு எடுத்தவர்களிடம் மனப்பிறழ்வு அல்லது மேனியா வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. மெத்தில்ஃபெனிடேட்டில் அந்த உயர்வு தெரியவில்லை. ஆக மருந்தும் முக்கியம், அளவும் முக்கியம். 2023 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எல்லா ஊக்க மருந்துகளின் கட்டம் கட்டிய எச்சரிக்கையையும் திருத்தி, பிறரோடு பகிர்ந்துகொள்வதன் ஆபத்தைச் சேர்த்தது. தவறாகப் பயன்படுத்துவோர் பலருக்கும் மாத்திரை கிடைப்பது நண்பர், உறவினரிடமிருந்துதான்.

இதில் ரொம்ப அடிபடுவது உண்மையான நோயாளிகள். 2022 அக்டோபரில் அடெரால் தட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது. காரணங்களில் உற்பத்தித் தாமதமும் உண்டு, ஏறிப்போன தேவையும் உண்டு. முறையாகக் கண்டறியப்பட்டவர்களுக்கு இவை வாழ்க்கையையே மீட்டுத் தரும் மருந்துகள். அவர்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். போதாக்குறைக்கு, "எல்லாரும் சும்மா போடுற மாத்திரைதானே" என்ற ஏளனத்தையும் அவர்கள்தான் சுமக்கிறார்கள்.

நீங்கள் ஏற்கெனவே இந்த மருந்தில் இருந்தால் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள்: எழுதித் தந்த மருத்துவர் உங்கள் பள்ளிக்கூட நாட்களைப் பற்றிக் கேட்டாரா? தூக்கத்தைப் பற்றிக் கேட்டாரா? கேட்கவில்லை என்றால், கேட்கக்கூடிய இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.