தழும்பு எங்கே விழ வேண்டும்?

செஞ்சிப் பக்கத்தில் உதட்டுப் பிளவோடு குழந்தை பிறந்தால் இன்றும் கிரகணத்தைக் காரணம் சொல்கிறார்கள். கர்ப்பத்தில் எதையோ நறுக்கினாள் என்று தாயைப் பழிக்கிறார்கள். அநியாயமான பழி. கரு வளரும் முதல் சில வாரங்களில் மேலுதட்டின் பகுதிகள் ஒன்றோடொன்று இணையாமல் போவதுதான் பிளவு. குழந்தைக்கு மூன்று மாதமானால் பெரும்பாலும் தைத்துவிடலாம். எந்த முறையில் தைப்பது என்பதுதான் நெடுநாள் வாதம்.

அறுவை மருத்துவர் டென்னிசன் 1952-இல் முக்கோணத் துண்டு முறையைச் சொன்னார். 1959-இல் ராண்டல் அதற்குக் கணக்கு வகுத்தார். இருபுறமும் அளந்து, மையால் புள்ளி வைத்து, அளவு பொருந்திய பிறகே கத்தி எடுப்பார்கள். பயிற்சியில் இருப்பவர் செய்தாலும் உதட்டின் உயரம் சரியாக வரும், அகலமான பிளவுக்கும் ஒத்துவரும். ஆனால் தழும்பு உதட்டின் கீழ்ப்பகுதியில் குறுக்கே மடங்கி, மூக்கடியிலிருந்து இறங்கும் மேட்டுக்கோட்டை வெட்டிவிடுகிறது.

அந்தக் குறையை மில்லார்டு தீர்த்தார். 1955-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் அவர் முன்வைத்த முறையில் நடுப்பகுதி கீழே சுழல்கிறது, பக்கப்பகுதி நகர்ந்து வந்து இடத்தை நிரப்புகிறது. தழும்பு பெரும்பாலும் இயல்பான மேட்டின்மேலேயே படுத்துக்கொள்ளும். அழகான யோசனை. ஆனால் வெட்டிக்கொண்டே முடிவெடுக்கும் முறை இது. எல்லாம் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. அகலமான பிளவில் உதடு குட்டையாகலாம், மூக்குத் துவாரம் குறுகலாம். ஹைதராபாத்தில் உருவான அஃப்ரோஸ் முறை, பிளவில்லாத பக்கம் மில்லார்டின் வெட்டையும் பிளவுப் பக்கம் ஃபைஃபர் என்ற மருத்துவரின் அலைபோன்ற வெட்டுக்கோட்டையும் சேர்த்துக்கொண்டது. டொராண்டோவின் ஃபிஷர் 2005-இல் அளவையும் விடாமல், தழும்பையும் இயற்கையான எல்லைகளில் ஒளித்தார்.

தோலில் போடும் கோட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். அடியிலிருக்கும் தசையைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை. வாயைச் சுற்றி ஓடவேண்டிய தசை, பிளவின் ஓரமாக மேலேறி மூக்கடியில் தவறாக ஒட்டியிருக்கும். அதைப் பிரித்து எதிர்ப்பக்கத்தோடு சேர்க்காவிட்டால், எந்த முறையானாலும் குழந்தை சிரிக்கும்போது உதட்டில் ஒரு புடைப்பு எழும். உதட்டுச் சிவப்பின் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் எதிரே நின்று பேசுபவருக்குத் தெரியும். அசையாத முகத்தின் படங்களை வைத்து முறைகளை ஒப்பிடும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. சிரிக்கும்போதும் பார்க்க வேண்டும், பத்து வயதிலும் பார்க்க வேண்டும்.

2013 முதல் தேசியச் சிறார் நலத் திட்டம் உதட்டுப் பிளவையும் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்புகிறது. இருந்தும் செஞ்சியிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். அறுவை முடிந்த பிறகு மறுபரிசோதனைக்கு வராத குழந்தைகளை நினைத்துத்தான் முறையைத் தேர வேண்டும். அகலமான பிளவுக்கு, அனுபவம் குறைந்த கையென்றால், தழும்பு சற்றுத் தெரிந்தாலும் அளந்து செய்யும் முறையையே கேட்பேன். குட்டையான உதட்டை நீட்ட இன்னொரு அறுவை வேண்டும். அதற்கு அந்தக் குடும்பம் திரும்பி வரும் என்று நம்பிக் கத்தி வைக்கக் கூடாது.