இடாப்பில் நின்றுபோன பெயர்கள்

2018இல் ‘96’ வந்ததிலிருந்து மலையகத்திலும் பழைய மாணவர் ஒன்றுகூடல்கள் பெருகிவிட்டன. வாட்ஸ்அப் குழு, ஒரே நிறத்தில் டி-சேர்ட், மேடையில் அந்தப் படத்துப் பாட்டு. பள்ளிப் பருவம் எல்லோருக்கும் ஒன்றுதான், அதனால்தான் இத்தகைய படங்கள் நுவரெலியா லயத்தில் இருப்பவரையும் அழவைக்கின்றன என்று நண்பர்கள் வாதாடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

படங்களின் அருமையை நான் மறுக்கவில்லை. ‘அழியாத கோலங்கள்’ (1979) விடலைப் பருவத்தின் குறுகுறுப்பைக் கொச்சையாக்காமல் காட்டியது. அதை எடுத்த பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர் என்பதில் பெருமையும் உண்டு. ‘96’இல் ராமும் ஜானுவும் காக்கும் கண்ணியம் தமிழ்த் திரையில் அரிது.

ஆனால் இந்தப் படங்களில் பழையதை நினைத்துப் பார்ப்பவர் எப்போதும் கரை சேர்ந்தவராகவே இருக்கிறார். ‘ஆட்டோகிராஃப்’ நாயகன் கல்யாணப் பத்திரிகையோடு கிளம்புகிறான். ராம் ஊர் ஊராகச் சுற்றும் புகைப்படக் கலைஞன். ஜானு சிங்கப்பூரிலிருந்து வருகிறாள். இவர்களுக்கு இளமையில் பறிபோனதாகத் தெரிவது காதல் ஒன்றுதான். பத்தாம் வகுப்பு விடுமுறை முடிந்தும் ராம் வகுப்புக்குத் திரும்பவில்லை. ஜானு தவிக்கிறாள், நாமும் தவிக்கிறோம். காரணம் அப்பாவின் கடன். குடும்பமே ஊரைவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டது. அந்தப் பையனின் தலையில் விழுந்த உண்மையான இடி அதுதான். படமோ அதைச் சில வசனங்களில் கடந்துவிட்டு, காதலர்களைப் பிரிப்பதற்கு மட்டும் பயன்படுத்திக்கொள்கிறது.

எங்கள் பக்கத்தில் அந்த வெற்றிருக்கைதான் முழுக்கதையும். கொழுந்து நிறை குறைந்தால் அம்மாவுக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். அரைப்பேர் கூடிய மாதத்தில் முதலில் நிற்பது பிள்ளையின் டியூஷன். பிறகு ஓ.எல். எழுதிய கையோடு, சிலர் எழுதாமலே, பையன்கள் கொழும்புக் கடைகளுக்கும் பெண்பிள்ளைகள் வீட்டு வேலைக்கும் பஸ் ஏறுகிறார்கள். ஒன்றுகூடல் வாட்ஸ்அப் குழுவில் இவர்களின் இலக்கம் இருப்பதில்லை.

‘பன்னீர் புஷ்பங்கள்’ (1981) எனக்கு இன்னும் கோபமூட்டுகிறது. ஊட்டிப் பள்ளி மாணவர்களின் காதல் கதை அது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கிருந்து கப்பலேற்றப்பட்ட சனத்துக்காகத் தமிழக அரசு அதே நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அதே வயதுப் பிள்ளைகள், பிறந்த ஊரை விட்டுவந்து, புதிய லயங்களில் வளர்ந்துகொண்டிருந்தார்கள். படத்துக்கு அந்த மலை பாட்டுக்கும் பனிக்கும் மட்டுமே பயன்பட்டது. இதை அலட்சியம் என்றே சொல்வேன்.

தோட்டத்தைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் இல்லாமல் இல்லை. வி.பி. கணேசன் ‘புதிய காற்று’ (1975) தந்தார். சுமதி சிவமோகன் ‘இங்கிருந்து’ (2013) தந்தார். இரண்டும் மதிக்கத்தக்க முயற்சிகள். பள்ளிப் பிள்ளையின் கதை அவற்றின் மையமல்ல.

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கைத்தொலைபேசியில் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். காதல் கதை வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் வகுப்பின் பழைய இடாப்பை எடுத்து, எந்தெந்தப் பெயர்கள் நடுவில் நின்றுபோயின என்று பாருங்கள். அவர்களில் பலர் இன்றும் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் வேலை செய்கிறார்கள். முதலில் அவர்களிடம் போய்ப் பேசுங்கள், பிறகு கதை எழுதுங்கள்.