மீன்களுக்குப் பொருத்தம் பார்க்கும் அட்டவணை

கடல்மீன் தொட்டி வைக்கும் ஆசை வந்தவர்கள் எல்லோரும் முதல் மாதத்துக்குள் அந்த அட்டவணையைப் பார்த்திருப்பார்கள். மேலே வரிசையாக மீன்களின் பெயர்கள், இடது பக்கத்திலும் அதே பெயர்கள். இரண்டும் சந்திக்கும் கட்டம் பச்சை என்றால் சேர்க்கலாம், சிவப்பு என்றால் கூடாது, மஞ்சள் என்றால் "கவனமாக". கடைசிப் பத்தி பவளத்துக்கு: இந்த மீனைப் பவளத்தோடு வைக்கலாமா, கூடாதா. நானும் இரண்டு வருஷம் அதைப் போனில் வைத்துக்கொண்டு கடை கடையாக அலைந்தேன். ஜாதகக் கட்டத்தைக் கேலி பண்ணுகிற ஆள் நான். மீனுக்கு மட்டும் கட்டம் பார்த்தேன்.

அதைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, எதைக் கேட்கவே இல்லை என்பதைக் கொஞ்சம் நோண்டிப் பார்க்கலாம்.

முதலில் பெயர்கள். பெரும்பாலான அட்டவணைகளில் "ராஸ்" என்று ஒரே ஒரு வரிசைதான் இருக்கும். ராஸ் குடும்பத்தில் 500க்கும் மேற்பட்ட இனங்கள். அதிலே சிக்ஸ்லைன் ராஸ் விரல் நீளம். நெப்போலியன் ராஸ் 2 மீட்டரைத் தாண்டி வளரும். சில இனங்கள் நாள் முழுக்கப் பாறை இடுக்கில் புழுவும் பூச்சியும் பொறுக்கித் தின்னும், சில நடுத் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடிக்கும், சில நத்தையையும் இறாலையும் உடைத்துத் தின்னும். இவ்வளவையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் அந்தக் கட்டத்துக்கு மஞ்சளைத் தவிர வேறு நிறம் கிடைக்காது. அட்டவணையில் பாதி மஞ்சளாக இருப்பதன் ரகசியம் இதுதான். "கவனமாக" என்றால் எதைக் கவனிக்கணும்? அதை எந்தக் கட்டமும் சொல்லாது.

இரண்டாவது, எனக்கு மனசு ஆறாத விஷயம். மாண்டரின் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். நீலமும் ஆரஞ்சும் சுருள் சுருளாக, யாரோ உட்கார்ந்து கோலம் போட்ட மாதிரி இருக்கும். யாரோடும் சண்டைக்குப் போகாது, பவளத்தைத் தொடாது. அட்டவணையில் வரிசை நெடுகப் பச்சை. அதை நம்பி வாங்கி வந்தேன். தொட்டியில் ஏற்கனவே ஒரு சிக்ஸ்லைன் இருந்தது. இரண்டும் ஒருநாள்கூட முட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மாண்டரினின் சாப்பாடு பாறையில் ஊரும் கோப்பிபாட் போன்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சிகள். நின்று நிதானமாக, ஒவ்வொன்றாகக் கொத்தி, பகல் முழுக்கத் தின்னும் மீன் அது. சிக்ஸ்லைனுக்கும் அதே பூச்சிதான் பிடிக்கும், அதுவோ பத்து மடங்கு வேகம். ஏழு வாரத்தில் மாண்டரினின் வயிறு உள்வாங்கி முதுகு கத்திபோல ஆகிவிட்டது. எட்டாவது வாரம் செத்துப்போச்சு. பத்துப் பொருத்தமும் இருந்த வீட்டில் பட்டினி கிடந்து போன மாதிரி.

இதில் அட்டவணை பொய் சொன்னதா? இல்லை. "அடித்துக்கொள்ளுமா" என்று கேட்டேன், "அடித்துக்காது" என்றது. அதன் கண்ணில் பொருத்தம் என்றால் சண்டை இல்லாமை மட்டும்தான். தீனிக்கான போட்டி எந்தக் கட்டத்திலும் விழாது. சில மாண்டரின்கள் உறைந்த தீனிக்குப் பழகும், தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை இன்னும் சுலபமாகப் பழகும். வாங்கும் மீன் எந்த ரகம் என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை, ஏனென்றால் கையில் பச்சைக் கட்டம் இருந்தது.

மூன்றாவது, எண்ணிக்கையும் வரிசையும். கோமாளி மீனுக்குக் கோமாளி மீன் பொருந்துமா? இரண்டு என்றால் பொருந்தும். பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது ஆணாக இருக்கும், ஜோடி செட்டாகிவிடும். சின்னத் தொட்டியில் மூன்றாவதை விட்டால் பல நேரம் அதைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும். ஒரே கேள்வி, ஒரு மீன் கூடினால் பதில் மாறுகிறது. பச்சை குரோமிஸை ஆறாக வாங்கி விட்டவர்கள் பலரும் சொல்வது, ஒரு வருஷத்தில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சியது என்று. கடலில் அது கூட்டமாகவே வாழும் மீன்!

கொன்ராட் லோரென்ஸ் 1963இல் ஜெர்மனில் எழுதிய ஆக்ரோஷம் பற்றிய புத்தகம் பவளத்திட்டு மீன்களில்தான் தொடங்குகிறது. ஃபுளோரிடா கடலிலும் தொட்டியிலும் அவர் கவனித்தது: சுவரொட்டி மாதிரிப் பளிச்சென்ற நிறமுள்ள மீன்கள் மற்ற இனங்களைவிடத் தன் இனத்தைத்தான் அதிகம் கடிக்கின்றன. அந்த விளக்கம் எல்லா மீனுக்கும் பொருந்தாது, ஜோடி கட்டிய கோமாளியே சாட்சி. ஆனால் தொட்டிக்காரருக்கு அதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது. கடலில் தோற்ற மீன் விலகிப் போய்விடும். நாலடிக் கண்ணாடிக்குள் விலகிப் போக எங்கே இடம்? அதனால்தான் முதலில் குடியேறியது யார் என்பது இவ்வளவு முக்கியமாகிறது. டாம்சலை முதலில் விட்டால் தொட்டி அதன் சொத்து. மற்றவை இடம் பிடித்த பிறகு கடைசியாக விட்டால் ஓரளவு அடங்கி இருக்கும். அட்டவணைக்கு இந்த முன்பின் தெரியாது.

ராயல் கிராமாவும் ராயல் டாட்டிபேக்கும் இதில் தனிக் கதை. இரண்டுக்கும் முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள். கிராமா கரீபியன் கடல், டாட்டிபேக் மேற்குப் பசிபிக். கடலில் ஒன்றை ஒன்று பார்க்க வாய்ப்பே இல்லாத இரண்டும் நம் வீட்டில்தான் சந்திக்கின்றன. கிராமா சாது, டாட்டிபேக் தன்னைவிடப் பெரிய மீனையும் விரட்டும். கடையில் பெயர் மாறிப்போவதும் உண்டு. நிறம் மாறும் இடத்தைப் பாருங்கள்: கோடு கிழித்த மாதிரி இருந்தால் டாட்டிபேக், புள்ளி புள்ளியாகக் கலந்தால் கிராமா. முதுகுத் துடுப்பின் முன்பக்கம் கிராமாவுக்கு ஒரு கறுப்புப் பொட்டும் இருக்கும்.

பவளப் பத்தியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது பவளத்தைத் தின்னுமா என்று மட்டும் பார்க்கிறது. லயன்ஃபிஷ் பவளத்தைத் தொடாது. வாய்க்குள் அடங்கும் மீன் எதையும் விடாது. ஹாக்ஃபிஷும் பவளத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், இறால் வந்தால் சும்மா இருக்காது. கோரல் பியூட்டி ஏஞ்சலோ ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஒன்று வருஷக்கணக்கில் பாசியைக் கொத்திக்கொண்டு அமைதியாக இருக்கும், இன்னொன்று மூன்றாம் நாளே சதைப்பற்றுள்ள பவளத்தைப் பிய்க்கும். இனத்துக்குப் போடும் நிறம் ஒற்றை மீனுக்குச் செல்லாது.

(இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு இடைச்செருகல். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பவளங்களைச் சேர்த்துவிட்டார்கள். நம் கடலிலிருந்து எடுத்ததை வாங்குவது குற்றம். கடைக்காரர் காட்டும் அட்டவணையில் இது இருக்காது.)

சரி, அப்போ அதனால் பிரயோஜனமே இல்லையா? இருக்கிறது. சிவப்பை நான் இன்றும் நம்புகிறேன். பட்டாம்பூச்சி மீன்களில் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பு போட்டிருந்தால் மறுபேச்சு பேச மாட்டேன். பச்சையைத்தான் நம்புவதில்லை. பச்சையைப் பார்த்தால் மூன்று கேள்விகள் தொடங்குகின்றன: இது என்ன தின்னும், அதை ஏற்கனவே யார் தின்கிறார்கள், முழு வளர்ச்சியில் எவ்வளவு நீளம். நீல டாங் கடையில் இரண்டு அங்குலம், வளர்ந்தால் ஒரு அடி. நாலடித் தொட்டியில் அதற்குப் பச்சை போட்டவரை நான் சந்திக்க ஆசைப்படுகிறேன்.

இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. காசு கொடுக்கும் முன், "என் கண்ணு முன்னால கொஞ்சம் தீனி போடுங்க" என்று கேட்கிறேன். சில கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஒருத்தர், "இப்போதான் சார் சாப்பிட்டுச்சு" என்றார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் போனபோது அந்த மீன் இல்லை, விற்றுப்போச்சு என்றார்.