பார்வதியைப் பின்தொடருங்கள்

தேவதாஸ் என்றதும் தாடி, நாய், மதுப் புட்டி இவைதான் நம் மனத்தில் வரும். வங்க எழுத்தாளர் சரத்சந்திரரின் அந்த நாவல் 1917-இல் வெளிவந்தது. அதன்பின் எத்தனையோ மொழிகளில் அதைப் படமாக்கிவிட்டார்கள். அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க உட்காரும்போது நாயகனைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அவன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் குடித்துத் தளர்வான். இயக்குநரின் மனம் தெரிவது அவன் சிறுவயதுத் தோழி பார்வதியிடமும் அவனை நேசிக்கும் தாசி சந்திரமுகியிடமும்தான்.

முதலில் நாவலைப் படித்துவிடுங்கள், சின்னப் புத்தகம்தான். அதில் இந்த இரு பெண்களும் சந்திப்பதே இல்லை. பிறகு பிமல் ராயின் 1955 இந்திப் படத்தைப் போடுங்கள். பல்லக்கில் பார்வதியாக சுசித்ரா சென், எதிரே நடந்துவரும் சந்திரமுகியாக வைஜெயந்திமாலா. ஒருத்தியை ஒருத்தி பார்க்கிறாள். பேச்சில்லை. கடந்துபோகிறார்கள். நாவலில் இல்லாத இந்தக் காட்சியில் நாவலின் தவிப்பு முழுவதும் இருக்கிறது. பரூவா இயக்கி சைகல் நடித்த 1936 தேவதாஸுக்கு ஒளிப்பதிவு செய்தவரும் பிமல் ராய்தான். கதை அவருக்குள் ஊறிக் கிடந்திருக்க வேண்டும். 1955 படத்தின் சந்திரமுகி வேடத்துக்குச் சிறந்த துணை நடிகை விருது கொடுத்தபோது வைஜெயந்திமாலா வாங்க மறுத்தார். சந்திரமுகி பார்வதிக்குச் சமமான நாயகி என்பது அவர் வாதம். அந்தப் பார்வைப் பரிமாற்றத்தைக் கண்டவர்கள் அவர் பக்கம்தான் நிற்பார்கள்.

2002-இல் சஞ்சய் லீலா பன்சாலி இருவரையும் துர்கா பூஜையில் சேர்ந்து ஆடவே வைத்தார். ஐஸ்வர்யா ராயும் மாதுரி தீட்சித்தும் கண்ணுக்கு விருந்து, மறுக்கவில்லை. ஆனால் அவரவர் தனிமை அங்கே கரைந்துபோகிறது.

அடுத்து, நள்ளிரவில் தேவதாஸின் அறைக்குப் பார்வதி தனியே வரும் இடம். நாவலின் ஆகத் துணிச்சலான பக்கம் அதுதான். எந்தப் பார்வதியையும் எடைபோட அதுவே தராசு. வேதாந்தம் ராகவய்யாவின் 1953 படம் தெலுங்கிலும் தமிழிலும் வந்தது. தேவதாஸாக நடித்த நாகேஸ்வர ராவின் சோகத்தைத்தான் ஊரே கொண்டாடியது. நீங்கள் பார்வதியாக வரும் சாவித்திரியின் கண்களைக் கவனியுங்கள். அனுராக் காஷ்யப்பின் 'தேவ்.டி' (2009) படத்தில் பார்வதியான பாரோ அதே துணிச்சலோடு சைக்கிளில் மெத்தையைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போகிறாள். முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கோ அவள் சரத்சந்திரரின் பார்வதிக்கு மிக நெருங்கியவளாகத் தெரிகிறாள். அந்தப் படத்தில் தேவ் சாவதும் இல்லை.

இரண்டு படங்களுக்குத்தான் நேரம் என்றால், 1955-ஐ முதல் நாளும் 2009-ஐ மறுநாளும் பாருங்கள். வரிசையை மாற்றாதீர்கள்.