உதைத்த காலிலேயே இறங்கு

முதலில் ஒரு வேண்டுகோள். ஆர்க்டிக் குளிர்கால விளையாட்டுகள் என்று நான் ஆரம்பித்ததும் "ஓ, பனிச்சறுக்கா?" என்று கேட்காதீர்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி என் நாக்கு தேய்ந்துவிட்டது. செகந்திராபாத் மாரேட்பள்ளியில் உட்கார்ந்துகொண்டு துருவத்துப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்ப்பவன் என்று ஏற்கெனவே அக்கம்பக்கத்தில் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். நண்பர் ஒருவர் பரிதாபப்பட்டு, இந்திரா பார்க் பக்கத்து ஸ்னோ வேர்ல்டுக்கு அழைத்துப்போனார். கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு செயற்கைப் பனியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். நான் உயிரை விடுகிற ஆட்டங்களுக்குப் பனியே வேண்டாம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஒரு பள்ளிக்கூடத்து உள்ளரங்கம் போதும். மரத்தளம், ஒரு கம்பம், அதில் தொங்கும் கயிறு, கயிற்று நுனியில் சீல் தோலில் தைத்த சின்னப் பந்து. அவ்வளவுதான் செலவு.

அடிப்படைகளை மூச்சுவிடாமல் சொல்லிவிடுகிறேன். 1967-இல் கியூபெக் நகரில் நடந்த கனடா குளிர்காலப் போட்டிகளுக்குப் போன வடக்கத்திப் பிள்ளைகள், தெற்கத்திப் பிள்ளைகளிடம் தோற்றுத் திரும்பினார்கள். வடக்கே அரங்கமும் இல்லை, மோதிப் பழக எதிராளியும் இல்லை. நமக்குள்ளேயே ஒன்று நடத்தினால் என்ன என்ற பேச்சு எழுந்து, 1970-இல் யெல்லோநைஃப் நகரில் முதல் போட்டி நடந்தது. யூகான், வடமேற்குப் பிரதேசங்கள், அலாஸ்கா என்று மூன்றே அணிகள். பிரதமர் பியர் ட்ரூடோ தொடங்கிவைத்தார். பிறகு கிரீன்லாந்து, நுனாவுட், நுனாவிக், வட ஆல்பர்ட்டா, ஐரோப்பிய வடக்கின் சாமி மக்கள் என்று கூட்டம் பெருகியது. ரஷ்யாவின் யமால் அணியும் வந்துகொண்டிருந்தது. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு அதற்கு இடமில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் மார்ச் மாதத்தில் ஒரு வாரம், ஏறக்குறைய 2,000 பேர். 2020-இல் வைட்ஹார்ஸில் எல்லாம் தயாராகி, கொரோனாவால் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது ரத்தானது. அந்த ஊருக்கு அடுத்த முறை வந்தது 2026-இல்தான். துருவத்து மக்களை எல்லாம் எஸ்கிமோ என்று நம் பாடப்புத்தகம் சொல்லித் தந்தது. அவர்களில் பலருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. இனுயிட், இனுபியாக், யூபிக், டெனே, சாமி என்று தனித்தனிப் பெயர் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். அடிப்படை முடிந்தது.

பதக்கத்தை மட்டும் ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம், அது வட்டம் அல்ல. உலு என்பது இனுயிட் பெண்கள் தோல் சீவவும் இறைச்சி அரியவும் வைத்திருக்கும் பிறை வடிவக் கத்தி. அந்த வடிவத்தில் தங்கம், வெள்ளி, வெண்கலம். நம் ஊரில் ஒரு போட்டி வைத்து ஜெயித்தவன் கழுத்தில் தங்க அரிவாள்மணை தொங்கவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வெற்றியின் சின்னம் சமையற்கட்டிலிருந்து வருகிறது. எனக்கு இது எந்த ஒலிவக் கிரீடத்தையும்விடப் பிடிக்கும்.

இனி, எதைப் பார்க்கக் கூடாது என்பது. ஹாக்கியைப் பார்க்காதீர்கள். ஃபுட்சால், வாலிபால், பாட்மிண்டன் எல்லாம் அங்கே உண்டு, அந்தப் பிள்ளைகள் நன்றாகவே ஆடுகிறார்கள். ஆனால் தெரிந்த ஆட்டமாயிற்றே என்று அதை மட்டும் பார்த்துவிட்டு வருவது, ஹைதராபாத் வரை வந்து பன்னீர் பட்டர் மசாலா சாப்பிட்டுவிட்டுப் போவதற்குச் சமம். நீங்கள் பார்க்க வேண்டியது 'ஆர்க்டிக் ஸ்போர்ட்ஸ்', 'டெனே கேம்ஸ்' என்ற இரண்டு பிரிவுகளை. அதிலும் முதலில் உதை. மற்றதெல்லாம் அப்புறம்.

உதையில் மூன்று வகை. இதைப் புரிந்துகொள்ளாமல் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். யாரோ குதிக்கிறார், பந்து ஆடுகிறது, கைதட்டுகிறார்கள். இரட்டைக்கால் உதையில் இரண்டு காலையும் சேர்த்து எம்பி, சேர்த்தே பந்தைத் தொட்டு, சேர்த்தே தரையில் இறங்கி நிலையாக நிற்க வேண்டும். பாதங்கள் வழியில் பிரிந்தால் போயிற்று. அலாஸ்கன் உதை தரையில் உட்கார்ந்து தொடங்குவது. ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் எதிர்ப்பக்கப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, பிடிக்காத காலை மேலே வீச வேண்டும். பிடித்த பாதத்தை விடாமல், வீசிய காலிலேயே திரும்பி வர வேண்டும். இரண்டும் அழகுதான், மறுக்கவில்லை.

ஆனால் ஒற்றைக்கால் உதை! இரண்டு காலாலும் எம்பி, ஒரு காலால் பந்தைத் தொட்டு, தொட்ட அதே காலில் இறங்க வேண்டும். படிக்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கும். இப்போதே எழுந்து, இடுப்பு உயரத்தில் ஏதாவது ஒன்றை எம்பி உதைத்துப் பாருங்கள். எந்தக் காலில் இறங்கினீர்கள்? மற்ற காலில். எல்லோரும் அப்படித்தான். உதைக்கும் கால் ஊர்சுற்றப் போகும், வீட்டில் இருக்கும் கால் தாங்கும், அதுதான் உடம்பின் பழைய ஏற்பாடு. இந்த விதி அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குகிறது. தலைக்கு மேலே போய்வந்த காலுக்குத்தான் தரை ரொம்ப தூரம். அதுதான் முதலில் வந்து சேர வேண்டும். சும்மா இருந்த கால் மடங்கிக் காத்திருக்க வேண்டும், பதறி ஊன்றிவிடக் கூடாது. திருவாலங்காட்டுக் கதையில் கீழே விழுந்த குண்டலத்தைக் காலாலேயே எடுத்துக் காதில் மாட்டினார் சிவன், காளி தோற்றாள் என்று கேட்டிருக்கிறோம். ஊர்த்துவ தாண்டவம். அங்கேயாவது ஒரு கால் தரையில் இருந்தது. இங்கே இரண்டும் இல்லை.

ஆண்களில் தேர்ந்தவர்கள் இதில் 9 அடிக்கு மேல் தொடுகிறார்கள். நம் வீட்டுக் கூரை ஏறக்குறைய 10 அடி. மின்விசிறி தொங்கும் உயரத்தைப் பாதத்தால் தொட்டுவிட்டு, அதே பாதத்தில் வந்து நிற்பது. அந்த 9 அடிதான் இணையத்தில் சுற்றும் துணுக்குகளில் வருகிறது, அதுதான் எனக்கு எரிச்சல். பத்து விநாடி வீடியோ, பந்தைத் தொட்டதும் வெட்டிவிடுகிறார்கள்! இறங்குவதைக் காட்டுவதே இல்லை. சாதத்தைப் போட்டுவிட்டுக் குழம்பு ஊற்றாமல் இலையை எடுப்பதுபோல. உயரத்தைப் பார்த்து வாய்பிளப்பவன் இந்த ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை என்பேன். பந்து ஆடியதும் கண்ணை அங்கிருந்து எடுங்கள், பாதத்தோடு கீழே வாருங்கள். தரையைத் தொட்ட பிறகு ஒரு நொடி, சில சமயம் இரண்டு நொடி, உடம்பு விழலாமா நிற்கலாமா என்று பேரம் பேசும். நடுவர் உற்றுப் பார்ப்பதும் அங்கேதான். தொட்டும் தோற்றவர்கள் எத்தனையோ பேர். ஒவ்வொரு உயரத்துக்கும் மூன்று முயற்சி. மூன்றாவதில் தொட்டு, இறங்கி, சும்மா இருந்த கால் நூலிழையில் தரையை உரசி, வெளியே போகும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கு இந்த ஆட்டம் பிடிபட்டுவிட்டது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. உதை எங்கிருந்து வந்தது என்ற கதையைக் கேட்டதும் கண்ணீர் விடுகிறவர்கள். வேட்டையில் திமிங்கிலம் கிடைத்தது என்ற செய்தியோடு ஓடிவருகிறவன், ஊர் கண்ணுக்குத் தெரிந்ததும் எம்பி இரண்டு காலையும் காற்றில் உதைப்பான், ஊர் கத்தியோடும் கயிறோடும் தயாராகும் என்று சொல்கிறார்கள். நல்ல கதை. ஆனால் அதை மட்டும் சொல்லி "ஆதிவாசிகளின் மறைந்த ஞானம்" என்று தலைப்புப் போடும் எழுத்தாளர்களுக்கு ஒரு வார்த்தை: மறையவில்லை ஐயா. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, தன் முறை வந்ததும் கழற்றி வைத்துவிட்டு, இதைச் செய்துகொண்டிருக்கிறாள். அருங்காட்சியகத்தில் வைக்க அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நக்கிள் ஹாப்பில் தண்டால் எடுக்கும் நிலையில் விரல் முட்டிகளும் கால் விரல்களும் மட்டும் தரையில் பட, சீல் மாதிரி தத்தித் தத்திப் போக வேண்டும். முட்டித் தோல் உரியும். ஏர்ப்ளேனில் மணிக்கட்டையும் கணுக்காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவார்கள், உடம்பு பலகையாக இருக்கும் வரைதான் கணக்கு. டெனே கேம்ஸில் கொழுப்புத் தடவிய சின்னக் குச்சியின் இரு முனையை இருவர் பிடித்து, வெடுக்கென்று சுண்டாமல் திருகாமல் இழுப்பார்கள். தண்ணீரிலிருந்து மீனை வாலைப் பிடித்து எடுத்த கைகளுக்கான ஆட்டம் அது. அப்புறம் 'ஹேண்ட் கேம்ஸ்'. இரண்டு வரிசையாக மண்டியிட்டு, சின்னப் பொருளை ஒரு கைக்குள் ஒளித்து, பின்னால் பறை அதிர, உடம்பை ஆட்டி ஆட்டி எதிரணியை ஏமாற்ற வேண்டும். எதிரணித் தலைவர் விரல் சைகையால் எந்தக் கை என்று சொல்வார். நாம் மணலில் ஆடிய கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்தான், துருவத்தில் பறையோடு. பறை வேகம் கூடும்போது உள்ளே இருப்பவனின் கண்ணைப் பாருங்கள், கையை அல்ல.

அங்கே பதக்கப் பட்டியல் போடுகிறார்கள், நம் பத்திரிகைகள் எப்போதாவது இரண்டு வரி எழுதினாலும் அதைத்தான் எழுதும், "குட்டி ஒலிம்பிக்ஸ்" என்ற பட்டத்தோடு. இந்த ஹைதராபாத்தே 2003-இல் ஆப்ரோ-ஆசியப் போட்டிகளையும் 2007-இல் உலக ராணுவப் போட்டிகளையும் நடத்தியது. யார் எத்தனை பதக்கம் வாங்கினார்கள் என்று, அந்தப் போட்டிகள் நடந்த கச்சிபௌலியில் யாரையாவது கேளுங்கள். ஆர்க்டிக் விளையாட்டுகளில் நான் தேடிப் பார்ப்பது ஹாட்ஜ்சன் கோப்பை யாருக்கு என்பதை. நேர்மையாகவும் கூடி ஆடும் மனத்தோடும் நடந்துகொண்ட அணிக்குத் தருவது. சம்பிரதாயத்துக்குத் தருகிற ஆறுதல் பரிசு என்று நினைத்தால் தவறு. உதைப் போட்டியில், முதல் இரண்டு முயற்சியும் தவறிய பெண்ணிடம் எதிரணிப் பெண் போய், "இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று எம்பு" என்று கை காட்டுகிறாள். மூன்றாவதில் அவள் தொடுகிறாள். சொல்லிக்கொடுத்தவள் அதனால் ஓர் இடம் கீழே போகலாம். அவளே முதலில் கைதட்டுகிறாள். இதைக் கிரிக்கெட்டில் கற்பனை செய்து பார்க்க முயன்று கைவிட்டேன்.

நம் நாட்டிலேயே இல்லையா என்று கேட்பீர்கள். 2020 முதல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் நடக்கின்றன, குல்மர்க்கிலும் லேயிலும். லே பிள்ளைகள் 3,500 மீட்டர் உயரத்தில், ஐஸில் ஹாக்கி ஆடுவதை ஒருமுறை பாருங்கள். ரோலர் ஸ்கேட்டில் பழகிய நம் சமவெளிப் பிள்ளைகள் அங்கே போய் ஐஸில் தடுமாறுவதையும், சிலர் தடுமாறாததையும். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் லடாக்குக்காரர்களுக்கென்று தாமன் கொட்டும் சுர்னா குழலும் முழங்க ஊர்கூடி அம்பெய்யும் விழா இருக்கிறது. அதற்கு இந்தப் போட்டியில் இடமில்லை. இருக்கும் விளையாட்டெல்லாம் வெளியிலிருந்து வந்தவை. அந்த மண்ணின் ஆட்டத்துக்கும் ஒரு தங்கம் கொடுத்திருந்தால் நான் லேக்கு டிக்கெட் போட்டிருப்பேன்.

2024 மார்ச்சில் அலாஸ்காவின் மட்-ஸு பகுதியில் நடந்தது. அங்கே காலை 10 மணி என்றால் இங்கே இரவு 11.30. அதே வாரத்தில்தான் ரம்ஜான் நோன்பு தொடங்கியது. வந்த காணொளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, தூக்கம் வராமல் கீழே இறங்கினால், சஹர் சாப்பாட்டுக்கு விழித்திருக்கும் கடைகளில் இரானி சாய் கிடைக்கும். ஊரே விழித்திருப்பதால் என் பைத்தியம் யாருக்கும் தெரியவில்லை.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன், என் மனைவிக்குத் தெரிய வேண்டாம். மொட்டைமாடியில் கொடிக்கயிற்றிலிருந்து பழைய சாக்ஸைச் சுருட்டிக் கட்டித் தொங்கவிட்டேன், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. மூன்று முயற்சி, விதிப்படி. மூன்றிலும் தொட்டேன். மூன்றிலும் மற்ற காலில் இறங்கினேன். நான்காவதில் சரியான காலில் இறங்கிவிட வேண்டும் என்ற பிடிவாதத்தில் எந்தக் காலிலும் இறங்கவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த வாட்ச்மேன் "ஜாக்ரத்த சார்" என்று தூக்கிவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். சாக்ஸை நிமிர்ந்து பார்த்தார். கயிற்றை இரண்டு முழம் மேலே சுருக்கிக் கட்டினார்.