வெட்டாத ஜிப்ஸிக்குத்தான் விலை

வாங்கியபடியே யாரும் விட்டுவைக்காத வண்டி எதுவென்று கேட்டால், தயங்காமல் மாருதி ஜிப்ஸி என்று சொல்லலாம். 1985 டிசம்பரில் 970 சி.சி. எஞ்சின், நான்கு கியரோடு வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் 1.3 லிட்டர் எஞ்சினும் ஐந்தாவது கியரும் சேர்ந்து ‘ஜிப்ஸி கிங்’ ஆனது. 2000-இல் எம்.பி.எஃப்.ஐ. எரிபொருள் முறை வந்து 80 குதிரைத்திறனைத் தொட்டது. தயாரிப்பு நின்றுபோகும்வரை நான்கு சக்கரங்களுக்கும் பட்டை ஸ்பிரிங்தான். ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, பெரும்பாலான வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்கும் இல்லை. இப்படி ஒன்றுமில்லாமல் வந்ததால்தான் வாங்கியவர்கள் எல்லாம் ஏதாவது ஒன்றை மாட்டினார்கள்.

அப்படி மாட்டிய காசு விற்கும்போது திரும்பி வருமா? இதைப் பார்ப்பதற்காகவே விற்பனைக்கு வந்த இரண்டு எம்.பி.எஃப்.ஐ. ஜிப்ஸிகளை ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும், மேலே தேயிலைத் தோட்டத்து மண் பாதைகளிலும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று எஸ்டேட்டில் உழைத்த வண்டி. சீட் உறை, பேட்டரி, டயர் தவிர எதுவும் மாறவில்லை. பின்னால் பக்கவாட்டில் உட்காரும் பெஞ்சு சீட்கூட அப்படியே இருக்கிறது. இன்னொன்று கோவைக்காரர் ஒருவர் ஆசை ஆசையாகச் செதுக்கியது. உயர்த்திய சஸ்பென்ஷன், அகலமான டயர், இரும்பு புல் பார், வின்ச், ஸ்நார்கல், கூரை முழுக்கத் திருவிழாப் பந்தல் மாதிரி விளக்குகள். எஸ்டேட் வண்டியைவிட நல்ல கூடுதல் விலை சொன்னார். “போட்ட காசாவது வந்தாப் போதுமுங்க” என்றார். அந்தக் காசு ஏன் வராது என்பது ஓட்டும்போதே தெரிந்துவிட்டது.

முதலில் டயர். ஜிப்ஸிக்குப் பொருத்தமான 205/70 ஆர்15 டயரின் குறுக்களவு 668 மில்லிமீட்டர். கோவை வண்டியில் இருந்தது 235/75 ஆர்15, குறுக்களவு 733 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஏறக்குறைய பத்து சதவீதம் பெரிது. கியர் விகிதங்களை மாற்றாமல் இந்த டயரை மாட்டினால் ஒவ்வொரு கியரிலும் ஏறக்குறைய அதே அளவுக்கு இழுவை குறைந்துவிடும். இந்த 1.3 எஞ்சினோ கீழ்ச் சுற்றில் சோம்பேறி. 103 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 4,500 சுற்றில்தான் தரும். எஸ்டேட் வண்டி இரண்டாவது கியரில் முனகாமல் ஏறிய வளைவுகளில், அதே எஞ்சினை வைத்துக்கொண்டு கோவை வண்டி முதல் கியர் கேட்டது.

வாங்குபவர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. டயர் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். முள் 60-இல் நிற்கும்போது வண்டி 66-இல் போய்க்கொண்டிருக்கும். ஓடோமீட்டரும் அப்படித்தான். பெரிய டயரில் ஓடிய 50,000 கிலோமீட்டர் என்பது உண்மையில் 55,000. இதில் யாரும் மீட்டரைத் திருத்தவில்லை, ஆனாலும் மீட்டர் உண்மை சொல்லவில்லை. பழைய வண்டிச் சந்தையில் விவரம் தெரிந்தவர்கள் இதைக் கணக்கில் எடுத்துத்தான் பேரம் பேசுகிறார்கள்.

டயராவது கழற்றக்கூடியது. சஸ்பென்ஷன் அப்படியல்ல. ஜிப்ஸியில் பட்டைகள் ஆக்சிலுக்குக் கீழே இருக்கும். அவற்றை ஆக்சிலுக்கு மேலே ஏற்றி வைத்தால் வண்டி குறைந்த செலவில் நான்கைந்து அங்குலம் உயர்ந்துவிடும். இதற்காக ஆக்சில் குழாயில் புதிய இருக்கைகளை வெல்டிங் செய்ய வேண்டும். வண்டி உயர்ந்ததும் புரொப்பல்லர் ஷாஃப்டின் சாய்வு கூடி, கிராஸ் ஜாயின்ட் சீக்கிரம் தேயும். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருப்பதில்லை, தனியாகச் சேஸியில் தொங்கும். அதனால் எங்கிருந்து அதிர்வு வருகிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. ஸ்டீயரிங் ராடின் கோணமும் கெட்டுப்போவதால், குழியில் இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாகத் திரும்பப் பார்க்கிறது. பிரேக் குழாயை நீளமானதாக மாற்றாவிட்டால் ஆபத்து வேறு. மண் பாதையில் பாறை தட்டாமல் போக உயரம் உதவியது உண்மைதான். ஆனால் இறக்கத்தில், வளைவில், எதிரே பஸ் வரும்போது எனக்கு எஸ்டேட் வண்டியின் மேல்தான் நம்பிக்கை இருந்தது.

ஒரு டன்னைச் சுற்றியே எடையுள்ள வண்டி இது. அதன் மூக்கில் இரும்பு புல் பாரும் வின்ச்சும் தொங்கினால் முன்பட்டைகள் தொய்ந்துபோகும். மேலும், புல் பார்களைக் கழற்ற வேண்டும் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. வாங்கியவர் முதல் செக்போஸ்ட்டிலேயே கழற்ற நேரலாம் என்றால், அந்தப் பொருளுக்கு எதற்குக் காசு கொடுப்பார்? ஸ்நார்கலுக்காக முன் தகட்டில் ஓட்டை போட்டிருந்தார்கள். ஆனால் ஆக்சில்களின் காற்றுத்துளைக்குக் குழாய் மாட்டி மேலே கொண்டுவரவில்லை. ஓடைத் தண்ணீரில் இறக்கினால் எஞ்சின் மூச்சுவிடும், டிஃபரன்ஷியல் தண்ணீர் குடிக்கும். அலங்காரத்துக்காக வெட்டிய ஓட்டை அது. அந்த வெட்டு விளிம்பில் துரு தொடங்கியிருந்தது. ஜிப்ஸி தகடு துருவுக்கு ஏற்கெனவே நெருங்கிய சொந்தம்.

ஆனால் இந்த இயந்திரக் குறைகளையெல்லாம் விட விலையை அதிகம் அடிப்பது காகிதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றாகிவிட்டது. பதினைந்து வயதைத் தாண்டிய சொந்த உபயோக வண்டி பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போயே ஆக வேண்டும். இன்று சந்தையில் இருக்கும் ஜிப்ஸிகளில் பெரும்பகுதி அந்த வயதைத் தாண்டியவை. அங்கே ஆய்வாளர் முன்னால் நிற்கப்போவது வாங்கியவர், விற்றவர் அல்ல. விலை குறைவதற்குக் காரணம் இதுதான்.

எஞ்சின் மாற்றிய ஜிப்ஸிகளின் கதை இன்னும் மோசம். முன் அனுமதியோடு அதே வகை எஞ்சினைப் போட்டு ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வழி இருக்கிறது. வேறு காரிலிருந்து டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டு ஆர்.சி.யில் பெட்ரோல் என்றே விட்டிருந்தால், அந்த வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் உதிரிபாக விலைக்குத்தான் கேட்கப்படும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்கக் காரணம் தேட வேண்டியதே இல்லை.

நிறத்தையும் சொல்ல வேண்டும். ராணுவம் ஜிப்ஸியை ஏராளமாக வாங்கியது என்பதால், ஆலிவ் பச்சை அடித்தால் கம்பீரம் என்று பலர் நினைக்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே. ஏலத்தில் எடுத்த அசல் ராணுவ ஜிப்ஸியாகவே இருந்தாலும் நிறத்தை மாற்றியாக வேண்டும். ஆலிவ் பச்சையில் ஒரு ஜிப்ஸி விற்பனைக்கு வந்தால், புதிய பெயின்ட் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

வெளிநாட்டில் நிலைமை வேறு. அமெரிக்காவில் 1966 முதல் 1977 வரை வந்த முதல் தலைமுறை ஃபோர்டு பிராங்கோவை நவீன எஞ்சினோடு முழுதாகப் புதுக்கட்டி, புதிய சொகுசு கார்களைவிட அதிக விலைக்கு விற்கிறார்கள். அதற்குச் சட்டமும் வழிவிடுகிறது, செய்பவர்களின் பெயருக்கும் மதிப்பு இருக்கிறது. அதே பிராங்கோவில் பெரிய டயருக்காகப் பின்பக்கத் தகட்டை வெட்டாமல் தப்பிய வண்டிகளுக்கும் தனி மவுசு. ஆக, அங்கே தலைசிறந்த வேலைப்பாட்டுக்கும் விலை உண்டு, கைபடாததற்கும் விலை உண்டு. நடுவில் நிற்கும் அரைகுறை வேலைக்குத்தான் இல்லை. இங்கே முதல் வழி கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. மிஞ்சுவது கைபடாத வண்டி மட்டும்.

2023-இல் ஐந்து கதவு ஜிம்னி வந்தது இதை இன்னும் இறுக்கிவிட்டது என்பது என் கணிப்பு. ஏ.சி., பவர் ஸ்டீயரிங், ஏர்பேக், காயில் ஸ்பிரிங் எல்லாம் வேண்டும் என்பவர்கள் இனி பழைய ஜிப்ஸியைச் செதுக்கத் தேவையில்லை. இன்று ஜிப்ஸி தேடுபவர்களில் பலர், சிறுவயதில் வனத்துறை அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ பார்த்த அதே வண்டியைத் தேடுகிறார்கள். 2021-இல் வந்த விதிப்படி, ஐம்பது வயதான, சேஸியும் பாடியும் எஞ்சினும் மாறாத வண்டிகளுக்கு வின்டேஜ் பதிவு கிடைக்கும். முதல் ஜிப்ஸிகளுக்கு 2035-இல் அந்த வயது. தினசரி ஓட்டத்துக்கு அந்தப் பதிவு உதவாது, ஆனால் சேகரிப்பவர்களுக்கு வேண்டியது அதுதான். இன்று வெட்டப்படும் ஜிப்ஸி அந்த வரிசையில் நிற்க முடியாது.

எல்லா மாற்றமும் நஷ்டம் என்று சொல்லவில்லை. நல்ல சீட், நல்ல ஒயரிங், சேஸிக்குச் சரியாக அடித்த துருத் தடுப்புப் பூச்சு, பொருத்தமான அளவில் புதிய டயர், முன்சக்கர ஹப்புகள் இலகுவாகத் திரும்புவது ஆகியவற்றுக்கு வாங்குபவர் முகம் சுளிக்காமல் காசு தருவார். இவற்றில் எதற்கும் கட்டிங் மெஷின் தேவையில்லை. பில்களைக் கோப்பில் வைத்திருந்தால் பேரமும் குறையும்.

நான் வாங்குவதாக இருந்தால் எஸ்டேட் வண்டிதான். கோவை வண்டியை, பழைய பம்பரும் டயரும் பட்டைகளும் கூடவே கிடைத்தால் மட்டும், எஸ்டேட் வண்டியைவிடக் குறைந்த விலைக்குக் கேட்பேன். ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் கழற்றிய எந்தப் பாகத்தையும் இரும்புக் கடைக்குப் போடாதீர்கள், பரணில் ஏற்றி வையுங்கள். விற்க முடிவெடுத்தால் வின்ச்சையும் விளக்குகளையும் கழற்றித் தனியாக விற்று, அசல் பாகங்களை மாட்டி வண்டியைத் தனியாக விற்றால் இரண்டும் சேர்ந்து அதிகம் வரும். வாங்கப் போகிறவர்கள் ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு சேஸி எண்ணையும் எஞ்சின் எண்ணையும் முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். அவை பொருந்தாவிட்டால் சாவியைக் கேட்கவே வேண்டாம்.